பவர் ஸ்டீரிங் ஆயில்: எதை ஊற்றுவது, எப்படி மாற்றுவது

முதலில் பானட்டைத் திறந்து பாருங்கள். மூடியில் ஸ்டீரிங் படம் போட்ட சின்ன டப்பா இருந்தால்தான் உங்கள் வண்டியில் ஆயில் வேலை உண்டு. ஸ்விஃப்ட், ஐ10 போன்ற கார்களில் மின்சார மோட்டார்தான் உதவுகிறது. அங்கே ஊற்ற ஒன்றுமில்லை. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இன்னும் ஓடும் பழைய இன்னோவா, குவாலிஸ், பொலேரோ, சுமோ, அப்புறம் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது.

எந்த ஆயில் என்பதை மூடியும் வண்டியோடு வந்த புத்தகமும் சொல்லும். நிறத்தை நம்பாதீர்கள். பழைய இன்னோவா, குவாலிஸ் ரகத்துக்கு டெக்ஸ்ரான் (ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த ஆயில் தரம்) 2 அல்லது 3 தரமுள்ள சிவப்பு ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி ஆயில், போதும். டெக்ஸ்ரான் 3-க்கு ஜெனரல் மோட்டார்ஸ் உரிமம் தருவதை 2006-ஓடு நிறுத்திவிட்டது. இன்று பாட்டிலில் இருப்பது தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் பெயர். அதனால் பேர் தெரிந்த கம்பெனியாக, சீல் உடையாத பாட்டிலாக வாங்குங்கள். பழைய ஹோண்டா சிட்டிக்கு ஹோண்டாவின் சொந்த ஆயில்தான்; ஏ.டி.எஃப். ஊற்றினால் நாளடைவில் சீல் போகும். ஜெர்மன் கார்கள் பலவற்றுக்குப் பச்சை நிற சி.எச்.எஃப். என்ற ஹைட்ராலிக் ஆயில்.

பிரேக் ஆயிலை மட்டும் ஒருநாளும் ஊற்றக் கூடாது. அது கிளைக்கால் வகை. பவர் ஸ்டீரிங் ரப்பர்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். தவறி ஊற்றிவிட்டால் என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் டப்பாவை உறிஞ்சிக் காலி செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் பழையதை முழுக்க வெளியேற்றும் ஃபிளஷ் தவிர வழியில்லை.

ஆயில் அளவு குறைகிறதா? இது மூடிய அமைப்பு. என்ஜின் ஆயில் மாதிரி எரிந்து குறையாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. மாதாமாதம் ஊற்றிக்கொண்டே ஓட்டுவது, ஆயில் கடைக்குத்தான் லாபம். பம்ப் ஷாஃப்ட், பிரஷர் ஹோஸின் (பம்பிலிருந்து ஆயில் போகும் குழாய்) இரும்பு முனை, ரிட்டர்ன் ஹோஸ் (டப்பாவுக்குத் திரும்பும் குழாய்) கிளாம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் இரண்டு பக்க ரப்பர் உறையையும் கையால் அமுக்குங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்துக் கசியும், அதையும் விடாதீர்கள்.

ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால், ராத்திரி முழுக்க நிறுத்திக் காலையில் பாருங்கள். தெளிந்திருந்தால் காற்று, அப்படியே இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும். கறுத்துக் கருகிய வாடை வந்தாலும் மாற்றுங்கள். ஜரிகை மாதிரி மினுக்கம் தெரிந்தால் பம்ப் தேய்கிறது. திருப்பும்போது முனகினால் ஆயில் குறைவு அல்லது காற்று. கீச்சென்று கத்தினால் பெல்ட்.

சுலபமான வழி: பெரிய சிரிஞ்சால் டப்பாவை உறிஞ்சி, புது ஆயில் ஊற்றி, இரண்டு நாள் ஓட்டிவிட்டுத் திரும்பச் செய்வது. மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு டப்பாவில் இருந்தால், மூன்று தடவையில் எழுபது சதவீதம் புதிதாகிவிடும்.

முழுசாக மாற்ற இரண்டு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிக் காலி கேனில் விட்டு, டப்பாவில் அந்த ஹோஸ் மாட்டியிருந்த வாயை அடைத்துவிடுங்கள். என்ஜின் ஓடாமலே ஒருவர் ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் டப்பா வற்றாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். வற்றினால் காற்று புகும், வேலை இரட்டிப்பு. புது நிறம் வந்ததும் ஹோஸை மாட்டி, அதே மாதிரி இருபது தடவை திருப்புங்கள். பிறகுதான் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் சில தடவை. நுரை அடங்கியதும் அளவு சரிபாருங்கள்: என்ஜின் குளிர்ந்திருந்தால் 'கோல்டு' கோடு, சூடாக இருந்தால் 'ஹாட்' கோடு. பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

டிராக்டர் கதை வேறு. சில மாடல்களில் ஸ்டீரிங்குக்குத் தனி டேங்க். சிலவற்றில் கியர் பெட்டி, லிஃப்ட், ஸ்டீரிங் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். அதில் ஏ.டி.எஃப். ஊற்றிவிடாதீர்கள். வழக்கமாக மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே ஆயிலையும் ஹோஸ்களையும் பார்த்துவிடுவது நல்லது. சேடை (நடவுக்குச் சேறடிக்கும் உழவு) ஓட்டும்போது முன் அச்சிலுள்ள ஸ்டீரிங் சிலிண்டரின் பளபளப்பான ராடில் சேறு காய்ந்து ஒட்டும். அடுத்த திருப்பத்தில் அது சீலைக் கீறும். அன்றைக்கே சாதாரணத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பிரஷர் வாஷரை சீலுக்கு நேராகப் பிடித்தால் சேற்றை உள்ளேதான் தள்ளும். வரப்போரம் திருப்பும்போது ஸ்டீரிங் முழுசாகப் போய் முட்டியபின் ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள்; அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்தே கிடக்கும், ஆயில் கொதிக்கும், பம்ப் தேயும்.