பழைய அம்பாசடருக்கு ஐந்து கியர் மாட்டுவது எப்படி

கோயம்புத்தூரில் இருந்து சேலம் ரோட்டில் அவிநாசி தாண்டி எண்பதைத் தொட்டதும் பழைய அம்பாசடர் கத்த ஆரம்பிக்கும். இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லை, 1489 சிசி பி.எம்.சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜின் இன்னும் எத்தனையோ வருடம் ஓடும், நாலு கியரோடு நிற்பதுதான் அதன் கஷ்டம். நாலாவது கியர் நேர் கியர், அதாவது இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் கியர்பாக்ஸில் இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. மேலே ஒரு கியர் இருந்தால் சத்தமும் சூடும் குறையும், பெட்ரோலும் மிச்சம்.

முதலில் கணக்கு. பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மற்ற சக்கரம் தரையில் நிற்பதால், அந்த நேரத்தில் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் கிரவுன் பினியன் (பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) விகிதம். அப்படி எண்ணி 4.5 வந்தது, டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் 3000 சுற்று. ஐந்தாவது கியர் 0.85 என்றால், அதாவது ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 0.85 சுற்று போதும் என்றால், 2550. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் ஈரோடு போய்த் திரும்பும்போது காதுக்கும் உடம்புக்கும் தெரியும். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போது மேற்கே போனால் இந்தச் சின்ன இன்ஜின் ஐந்தாவதில் இழுக்காது, நாலுக்கு இறக்கத்தான் வேண்டும்.

எந்த கியர்பாக்ஸ்? நான் சொல்வது இசுசு. இந்துஸ்தான் மோட்டார்ஸே 1990களில் 1800 ஐ.எஸ்.இசட் அம்பாசடரில் இசுசு இன்ஜினோடு ஐந்து கியர் பாக்ஸ் போட்டு விற்றது, கான்டெசா கிளாசிக்கிலும் இருந்தது. அதே பாடிக்குள் உட்கார்ந்த பெட்டி என்பதால் கியர் லீவர் ஏறக்குறைய சரியான இடத்தில் வரும். இங்கிலாந்தில் இதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி.பி காருக்கு ஃபோர்டு டைப் 9, மாஸ்டா எம்.எக்ஸ்-5 பெட்டிகளை மாட்டுகிறார்கள், அதற்குப் பாகங்கள் எல்லாம் சேர்ந்த கிட் (kit) கிடைக்கும். நமக்கு அது வேண்டியதில்லை, கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத் பட்டறை இருக்கும்போது. பழைய பெட்டி வாங்கும்போது பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் மணி வடிவக் கூடு), ரிலீஸ் ஃபோர்க் (கிளட்ச்சை விடுவிக்கும் கவை), லீவர், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முன் யோக் (கியர்பாக்ஸோடு இணையும் முனை), ஸ்பீடோமீட்டர் பினியன் எல்லாம் சேர்த்து வாங்குங்கள். யோக்கை விட்டுவிட்டு வந்தால் அப்புறம் ஊரெல்லாம் அலைய வேண்டியிருக்கும். இன்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட்டைக் கையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஒவ்வொரு கியராகப் போட்டுச் சுற்றிப் பாருங்கள், ஆயிலை வடித்து அதில் பித்தளைத் தூள் மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது.

அறுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ விஷயத்தையும் யோசிக்க வேண்டும். 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய கார் வின்டேஜ் பதிவு வாங்க வேண்டுமானால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். அந்தப் பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். எப்படியிருந்தாலும் என் வழக்கம் இதுதான்: பாடியில் எதையும் வெல்டிங் வைப்பதில்லை, எல்லாம் போல்ட். கழற்றிய பழைய கியர்பாக்ஸுக்கு கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி அட்டாலியில் வைத்துவிடுவேன். நாளைக்கு யாராவது திரும்பப் பழையபடி மாட்ட நினைத்தால் அவர்களுக்கு வழி இருக்க வேண்டும்.

இனி அடாப்டர் பிளேட். வேலையின் உயிர் இங்கேதான். இன்ஜின் பின்பக்க போல்ட் துளைகள் ஒரு பக்கம், இசுசு பெல் ஹவுசிங் துளைகள் மறுபக்கம், இரண்டையும் சேர்க்கும் ஒரு பிளேட். அலுமினியத்திலோ இரும்பிலோ செய்யலாம். அதன் தடிமன் எவ்வளவு என்பதை உங்கள் இன்புட் ஷாஃப்ட் நீளம் சொல்லும்: ஷாஃப்ட் மூக்கு, இன்ஜினின் கிராங்க் முனையில் அதைத் தாங்கும் சின்ன வளையமான பைலட் புஷ்ஷுக்குள் நன்றாக நுழைய வேண்டும், ஆனால் அடியில் முட்டக் கூடாது, 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். குழிக்குள் கொஞ்சம் களிமண்ணை வைத்து, பெட்டியைப் பொருத்தி எடுத்துப் பார்த்தால் எவ்வளவு இடைவெளி என்று களிமண்ணே காட்டிக்கொடுக்கும்.

துளைகள் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கிராங்க்கின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். முதல் வண்டியில் நான் பட்டறையில் சொன்ன அளவை நம்பி, டயல் கேஜ் (நுண்ணிய விலகலை ஊசியில் காட்டும் அளவுக்கருவி) வைத்துப் பார்க்காமல் மாட்டிவிட்டேன். 2000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, முதல் கியர் விழும்போது கரகரவென்று சத்தம், அப்புறம் நாலாவது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வர ஆரம்பித்தது. இறக்கிப் பார்த்தால் பைலட் புஷ் ஒரு பக்கமாக முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. அந்தப் பெட்டியை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கிளட்ச்சைக் கழற்றி, பிளேட்டையும் வெறும் பெல் ஹவுசிங்கையும் இன்ஜினில் போல்ட் போடுங்கள். டயல் கேஜின் காந்தக் காலை ஃப்ளைவீலில் நிறுத்தி, ஊசி பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டையின் உள்சுவரைத் தொடும்படி வையுங்கள். ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழற்றிவிட்டு கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, மேலே, கீழே, இரண்டு பக்கம் என நாலு இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி மொத்தம் ஆடுவது 0.12 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டயலில் தெரிவது உண்மையான விலகலைப் போல இரு மடங்கு என்பதை மறக்க வேண்டாம், 0.30 காட்டினால் மையம் 0.15 தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, மறுபடி அளந்து, சரியான இடத்தில் நின்றதும் இறுக்கிவிட்டு, பிளேட்டோடு சேர்த்து, இடம் நகராமல் பிடிக்கும் டவல் பின் (dowel pin) துளை போட்டு பின் அடித்துவிடுங்கள். டவல் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பினால் அடுத்த தடவை கழற்றும்போது அத்தனையும் மறுபடி. அதே போல ஊசியை பெல் ஹவுசிங்கின் முகத்தில் வைத்து, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் ஒரே பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று பாருங்கள். ஒரு நாள் முழுக்க இதற்கே போனாலும் பரவாயில்லை.

பைலட் புஷ் ஆயில் ஊறிய வெண்கலத்தில் புதிதாகச் செய்ய வேண்டும், வெளி அளவு கிராங்க்குக்கு, உள் அளவு இசுசு ஷாஃப்ட் மூக்குக்கு. கிளட்ச் பிளேட்டும் அப்படித்தான்: வெளிவட்டம் உங்கள் பிரஷர் பிளேட்டுக்குப் பொருந்த வேண்டும், நடு ஸ்பிலைன் (ஷாஃப்ட்டில் மாட்டும் பல் வரிசை) இசுசு ஷாஃப்ட்டுக்கு. கிளட்ச் ரீகண்டிஷன் செய்பவர்கள் நடு ஹப்பை மாற்றித் தருவார்கள். ரிலீஸ் பேரிங், பெடலை மிதிக்காதபோது பிரஷர் பிளேட்டின் விரல்களில் உரசாமலும், மிதித்தால் கிளட்ச்சை முழுசாக விடும்படியும் இருக்கிறதா என்று பெட்டியைத் தூக்கி ஏற்றும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பெட்டியைத் தாங்க ஒரு கிராஸ் மெம்பர் செய்து, ரப்பர் மவுண்டிங்கோடு போல்ட்டில் பிடிக்க வேண்டும். அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எல்லாம். முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார் பின்னால் வந்து பிடித்திருக்கும் சட்டத்தில் கை வைக்கவே கூடாது. வெறும் தரைத் தகட்டில் பெட்டியைத் தொங்கவிடுவதும் தப்பு, கொஞ்ச நாளில் தகடு கிழியும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது அளந்தால் தப்பு. பின் லீஃப் ஸ்பிரிங் அமுங்கி எழும்போது ஸ்லிப் யோக் உள்ளே வெளியே போய்வர 20, 25 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். வெட்டுவதற்கு முன் சென்டர் பஞ்சால் அடையாளம் போட்டு, இரண்டு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் வரும்படி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், கட்டாயம் பேலன்ஸ் பாருங்கள். லாரித் தொழில் உள்ள நாமக்கல், சேலம் பக்கம் இதைத் தினமும் செய்கிறார்கள். கியர்பாக்ஸ் சாய்வும் பினியன் சாய்வும் சமமாக, எதிரெதிராக இருக்க வேண்டும், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள். கிராஸ் ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும், இரண்டு ஜாயின்ட்டும் சம சாய்வில் இருந்தால்தான் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று ஈடுகட்டும். இல்லாவிட்டால் அறுபதில் ஒரு நடுக்கம் வரும், வீல் பேலன்ஸ் எத்தனை தடவை பார்த்தாலும் போகாது. மொபைலில் உள்ள லெவல் ஆப்பே இதற்குப் போதும்.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிட்டு எவ்வளவு கூடுதல் குறைவு என்று பார்த்து பினியனை மாற்றுங்கள். ஆயில் அந்தப் பெட்டிக்குச் சொன்னதைத்தான் ஊற்ற வேண்டும், கெட்டியாக இருக்கிறதே என்று பின் ஆக்ஸிலுக்கான ஜி.எல்-5 ஆயிலை ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு ஆகாது.

மாட்டி முடித்ததும் முதல் 500 கிலோமீட்டர் நிதானம். அதற்குள் ஒரு முறை பண்ணாரியில் இருந்து திம்பம் ஏறிப் பாருங்கள், 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறி விழும்போது கிளட்ச்சும் கியர் லிங்க்கும் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். இறங்கி வந்ததும் கீழே படுத்து, அடாப்டர் போல்ட், மவுண்டிங் போல்ட், ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு முறை இறுக்கிவிட்டு ஆயிலை மாற்றிவிடுங்கள்.