நடுவில் முதுகு தூக்கிய மேசை

மொட்டை மாடியில் தச்சு வேலைக்கு ஒரு மேசை செய்ய ஆசை. பழைய மரக்கடையில் இரண்டு அங்குல கனத்தில் ஐந்து தேக்குப் பலகைகள் வாங்கினேன். பக்கவாட்டில் பசை தடவி, பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் நான்கு கிளாம்பையும் மேல்பக்கமே போட்டு, பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். மறுநாள் பார்த்தால் பலகை கவிழ்த்த தோணி போல வளைந்திருந்தது. ஒரு மூட்டில் விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி வேறு.

விளிம்புகள் சரியான செங்கோணத்தில் இல்லை என்பது மூலைமட்டம் வைத்த பிறகுதான் தெரிந்தது. எல்லா மூட்டையும் ரம்பத்தால் அறுத்துப் பிரித்தேன். அகலத்தில் ஓர் அங்குலம் போனது, போகட்டும்.

இந்த முறை, சேர வேண்டிய இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவது போல மடித்து நிறுத்தி, இரண்டு விளிம்பையும் ஒன்றாகவே இழைத்தேன். இழைப்புளி சற்றுச் சாய்ந்தாலும் கவலையில்லை. விரித்துச் சேர்க்கும்போது ஒன்றின் சாய்வு மற்றதைச் சரிக்கட்டிவிடும். பசையில்லாமல் சேர்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீற்று தெரியவில்லை.

கிளாம்புகளை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டேன். வெயிலில் பசை சீக்கிரம் ஆடை கட்டிவிடும் என்பதால் விடியற்காலையில் வேலை. பசை மணிமணியாகக் கசிந்ததும் முறுக்குவதை நிறுத்தி, 24 மணி நேரம் தொடவில்லை. மனைவிதான் இரண்டு முறை துணி காயப்போட வந்து திட்டினாள்.