ஃப்ளஷிங்கில் போய் ஃப்ரைடு ரைஸ் கேட்காதீர்கள்

எங்கள் மாடிக்குப் புதிதாக இரண்டு பையன்கள் குடி வந்திருக்கிறார்கள். ஒருவன் கோயம்புத்தூர், இன்னொருவன் திருச்சி. வந்த மூன்றாவது வாரமே, "அண்ணா, ஃப்ளஷிங் போனோம், ஒண்ணும் வாயில வைக்க முடியல" என்றார்கள். என்னப்பா சாப்பிட்டீங்க என்று கேட்டேன். "வெஜ் ஃப்ரைடு ரைஸ்." சிரித்திருக்கலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் பதினான்கு வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன்.

நியூயார்க்கில் குயின்ஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு 7-ஆம் எண் ரயில் ஒன்று போதும். வுட்சைடில் இறங்கினால் பிலிப்பைன்ஸ் கடைகள். ஜாக்சன் ஹைட்ஸில் நேபாளம், திபெத், வங்கதேசம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் எல்ம்ஹர்ஸ்ட், அங்கே தாய்லாந்தும் இந்தோனேசியாவும். கடைசி நிறுத்தம் ஃப்ளஷிங், சீனர்களும் கொரியர்களும். இவ்வளவும் வாசலில் இருக்க, ஆட்கள் பீட்சாவைத் தின்றுவிட்டு ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறார்கள். வெளியே சாப்பிடப் போகும்போது நம்மவர்கள் செய்கிற தவறுகளைச் சொல்கிறேன்.

நட்சத்திரத்தை நம்புவது

இணைய மதிப்புரைகளில் மூன்றரை நட்சத்திரம் வாங்கிய கடைகளுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். தண்ணீர் கேட்டால் முறைத்தார், இன்னொருவரோடு மேசையைப் பகிரச் சொன்னார், கார்டு வாங்கவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. நான் புள்ளிகளை விட்டுவிட்டுப் படங்களைத்தான் பார்ப்பேன். பத்துப் பேர் ஒரே கிண்ணத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தால், அந்தக் கடை அந்தக் கிண்ணத்துக்காகத்தான் நடக்கிறது.

நமக்குத் தெரிந்ததைக் கேட்பது

இதுதான் பெரிய தவறு. இதற்கு நான் கொடுத்த விலையை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

ஃப்ளஷிங்கில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் சின்னச் சின்னக் கடைகள். அதில் ஒன்றின் பலகையில் லான்ஜோ என்று ஊர்ப்பெயர் போட்டிருந்தது. சுவரில் கையால் எழுதிய சீனத் தாள்கள். அதையெல்லாம் பார்க்காமல், பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்த வெஜ் ஃப்ரைடு ரைஸைக் கேட்டேன். சுடச்சுட வந்தது, ஆனால் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. கடை சரியில்லை என்று முடிவு கட்டினேன். அதோடு விட்டேனா? அடுத்த இரண்டு வருடம் தெரிந்தவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மழைநாளில் கூட வேலை பார்க்கும் சீன நண்பர் அதே கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். பட்டியலையே கையில் எடுக்கவில்லை. ஏதோ சொன்னார். உள்ளே இருந்தவர் மாவு உருண்டையை எடுத்து, பலகையில் அடித்து, இரண்டு கையாலும் இழுத்து மடித்து, மறுபடி இழுத்து, கண்ணெதிரே நூலாக்கினார். நம் பரோட்டா மாஸ்டர் வீசுவதைப் பார்க்கிற மாதிரிதான். மாட்டெலும்புச் சாற்றில் அந்த நூடுல்ஸ், மேலே மிளகாய் எண்ணெயும் கொத்தமல்லியும். லான்ஜோ என்றாலே அதுதான். சீனாவின் ஹுய் முஸ்லிம்களின் கைப்பக்குவம், அதனால் இந்த வகைக் கடைகள் பலவும் ஹலால். இது எதுவும் தெரியாமல் அங்கே உட்கார்ந்து சோறு கேட்டிருக்கிறேன்.

அப்புறம் நான்கைந்து தடவைதான் போயிருப்பேன். ஒருநாள் ஷட்டர் இறங்கியிருந்தது. கடை போய்விட்டது.

செட்டிநாடு மெஸ்ஸில் உட்கார்ந்து சோலே பட்டூரா கேட்டுவிட்டு, தமிழ்ச் சாப்பாடு சுமார் என்று ஒருவர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? நம் மனதில் இருக்கிற 'சைனீஸ்' கல்கத்தாவில் குடியேறிய சீனர்கள் நமக்காகச் செய்துகொடுத்தது. மஞ்சூரியா பக்கத்து ஆட்களும் ஃப்ளஷிங்கில் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கோபி மஞ்சூரியன் கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். கடைசிப் பக்க ஃப்ரைடு ரைஸ் நம்மைப் போல வழிதவறி வந்தவர்களுக்காகப் போட்டது.

சரி, எதைத்தான் கேட்பது? பலகையில் ஊர்ப்பெயர் இருந்தால் அந்த ஊரின் பேர்போன பண்டம் எது என்று வாசலில் நின்றே தேடுங்கள். சுவரில் ஒட்டிய தாளுக்கு நேராகச் செல்போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். அதுவும் ஆகாவிட்டால் பக்கத்து மேசையைக் கைகாட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

"வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்வது

தாய்லாந்துக் கடையில் அப்படிச் சொன்னால் இறைச்சி போடமாட்டார்கள், ஆனால் மீன் சாஸ் ஊற்றுவார்கள். கறி விழுதில் இறால் இருக்கும். வேண்டாததை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தவிருங்கள், அல்லது 'ஜே' என்று சொல்லுங்கள். பௌத்த விரதச் சாப்பாட்டுக்கு அவர்களுடைய சொல் அது. சீன பௌத்த சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. ஊரிலிருந்து வந்த அம்மாவை நான் தைரியமாகக் கூட்டிப்போனது அங்கேதான். ஜாக்சன் ஹைட்ஸில் திபெத்தியர்களிடம் லாஃபிங் கேளுங்கள். பச்சைப்பயறு மாவுச்சத்தில் செய்த குளிர்ந்த நூடுல்ஸ், காரம் மண்டைக்கு ஏறும்.

கார்டை மட்டும் எடுத்துப் போவது

இருபது டாலர் நோட்டு ஒன்று பையில் இருக்கட்டும்.

ஜன்னலில் 'பி' பார்த்து ஓடுவது

இந்த ஊரில் சுகாதாரச் சோதனையில் குறைகளுக்குப் புள்ளி போட்டு, அதற்கேற்ற எழுத்தைக் கடை ஜன்னலில் ஒட்டுவார்கள். 13 புள்ளி வரை ஏ, 14 முதல் 27 வரை பி, அதற்கு மேல் சி. பி-க்கு நான் போவேன். சி-க்குப் போகமாட்டேன்.

சாப்பாட்டுக்குக் கோயில்களைக் கணக்கில் எடுக்காதது

எல்ம்ஹர்ஸ்ட்டில் தாய் பௌத்த கோயில் இருக்கிறது. இந்தோனேசியர்கள் அவர்களுடைய மசூதியில் உணவுச் சந்தை நடத்துகிறார்கள். நமக்கே ஃப்ளஷிங்கில் பௌன் தெருப் பிள்ளையார் கோயில் இருக்கிறது, 1977-இல் கும்பாபிஷேகம் ஆனது. அதன் கீழ்த்தளத்து கேன்டீன் தோசைக்கு ஊரெல்லாம் பேர்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பையன்களையும் அங்கேதான் கூட்டிப்போனேன். பக்கத்து மேசைக்கு ஒரு சீனப் பாட்டி பேத்தியோடு வந்தார். பலகையை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் புரிந்த மாதிரி தெரியவில்லை. நேராக எங்கள் தட்டைப் பார்த்தார், நெய் ரோஸ்ட்டை விரலால் காட்டிப் பேத்தியிடம் ஏதோ சொன்னார். ஐந்து நிமிடத்தில் அவருக்கும் அதே வந்தது.