குதிகால், கணுக்கால் வலி: பிசியோதெரபியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் செக்கிங் மேசை முன் ஷிப்டு முழுவதும் நிற்பவர்களும், பல்லடம், சோமனூர் விசைத்தறிக் கூடங்களில் சிமெண்டுத் தரையில் நாள் முழுவதும் நடப்பவர்களும் கால்வலியோடு பிசியோதெரபிக்கு வரும்போது, "கரண்ட் வைத்தால் சரியாகிவிடும்" என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலும் வருகிறார்கள். மற்றத் தவறுகளில் பாதி இந்த எண்ணத்திலிருந்தே கிளைக்கின்றன. மின்தூண்டலும் மெழுகு ஒத்தடமும் வலியைச் சிறிது நேரம் தணிக்கலாம். கணுக்கால் சுளுக்குக்கு அல்ட்ராசவுண்டு எனும் ஒலியலைச் சிகிச்சை தரும் கூடுதல் பயனோ மிகச் சொற்பம் என்பதை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. எடையைப் படிப்படியாகத் தாங்கிப் பழகும் காலே வலுப்பெறுகிறது; அந்தப் பழக்கத்தை எந்த இயந்திரமும் நமக்காகச் செய்து தராது.

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் குத்துகிறதென்றால், குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை நொந்திருப்பதே பெரும்பாலும் காரணம். எக்ஸ்ரேயில் "முள்" தெரிந்ததும் அந்த முள்ளையே எதிரியாகக் கருதி, அதைக் கரைக்கவும் வெட்டவும் வழி தேடி அலைவது வீண்; முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். இந்த வலிக்குச் சொல்லித்தரப்படும் பயிற்சி எளியது: கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி வளைத்து, 10 விநாடி வீதம் 10 முறை நிறுத்த வேண்டும். ஆனால் அதைப் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்து, சமையலறைக்குப் போய் வந்து வலி கிளம்பிய பிறகு செய்கிறார்கள்.

குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியில் வேகம்தான் பகை. விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, படி விளிம்பில் நின்று, 3 விநாடியில் ஏறி, 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்ய வேண்டியதை, எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் தினமும் துள்ளித் துள்ளிச் செய்கிறார்கள். கெண்டைக்காலை நீட்டும்போதும் முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, சற்று மடக்கி ஒரு முறை என இரண்டும் வேண்டும். மேலுள்ள தசையும் அதன் அடியிலுள்ள தசையும் வேறு வேறு. குதிகால் தசைநாண் எலும்போடு சேருமிடத்திலேயே வலிப்பவர்கள் மட்டும் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்வது நல்லது.

இவை பலன் தர வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்று கைவிடுவதும், குறைந்துவிட்டது என்று கைவிடுவதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். பயிற்சியின்போது எழும் மிதமான வலி மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை; அடங்காமல் கூடினால், அளவைக் குறைக்க வேண்டுமே தவிரப் பயிற்சியையே நிறுத்திவிடக் கூடாது.

தோட்டத்து வரப்பில் கால் மடங்கிய அன்றே, சுளுக்கு எடுக்கிறேன் என்று எண்ணெய் தடவி அழுத்தி நீவுவது நம் ஊர்களில் இன்னும் விடாத வழக்கம். முதல் இரண்டு மூன்று நாட்களில் நீவுவதும் சூடு வைப்பதும் வீக்கத்தைக் கூட்டவே செய்யும். அதைவிட முக்கியமாக, எலும்பு முறிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நான்கு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் மொட்டெலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ, சுண்டுவிரல் பக்கமாகப் பாதத்தின் நடுவில் புடைத்திருக்கும் எலும்பிலோ, உட்புறம் பாத வளைவுக்கு மேலுள்ள எலும்பிலோ தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும் என்பது, கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுக்கப்பட்டு உலகெங்கும் பின்பற்றப்படும் விதி.

முறிவு இல்லையென்றால், வாரக்கணக்கில் கட்டோடு படுத்திருப்பதும் தவறுதான். வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டதாக நினைப்பவர்களுக்கு அதே கால் மறுபடி மடங்குகிறது; தசைநாரோடு சேர்ந்து, சமநிலையை உணரும் திறனும் குன்றிவிடுவதே இதற்குக் காரணம். சுவருக்கு அருகே ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை விளையாட்டாக எண்ணித் தவிர்ப்பவர்களே அதிகம், அதுதான் மறுசுளுக்கைக் குறைக்கும் பயிற்சி என்றாலும்.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கணக்கு வேறு. உணர்ச்சி குறைந்த பாதத்தைச் சுடுநீரில் வைத்தால் கொப்பளித்த பிறகே தெரியவரும், எம்.சி.ஆர். எனும் மென்மையான ரப்பர் செருப்பை வெளியே போவதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதும் ஆபத்து. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போக விரும்புபவர்கள் விரதத்தோடு சேர்த்துப் பாதத்தின் உணர்ச்சியையும் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வது நல்லது. செருப்பில்லாமல் தார்ச்சாலையில் நடப்பது அவர்களுக்கு ஏற்றதல்ல. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கி, அந்த அளவுக்கு வலியும் இல்லையென்றால், அது எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கும் நிலையாக இருக்கலாம். அப்போது பயிற்சிகளை உடனே நிறுத்தி, காலை ஊன்றாமல், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.