முதலில் ஃபேனைப் பாருங்கள், அப்புறம் புரொஜெக்டர்

புரொஜெக்டர் வாங்க யோசனை கேட்டு யார் போன் செய்தாலும், நான் பட்ஜெட்டைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது: "அறையில ஃபேன் எங்கே தொங்குது?" மேற்கு மாம்பலம், பெரம்பூர், வேளச்சேரி என்று வீடுவீடாகப் புரொஜெக்டர் மாட்டிக் கொடுப்பது என் தொழில். சென்னையில் ஒரு படுக்கையறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து, மிஞ்சினால் பத்துக்குப் பன்னிரண்டு. நட்டநடுவில் ஃபேன். மே மாதத்தில் அதை நிறுத்திவிட்டுப் படம் பார்ப்பேன் என்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை.

கணக்கு எளிது. மூலைக்கு மூலை 100 அங்குலப் படத்துக்கு அகலம் 87 அங்குலம், உயரம் 49. த்ரோ ரேஷியோ, அதாவது படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்ற எண், 1.2 என்று போட்டிருந்தால் அகலத்தை அதால் பெருக்குங்கள்: லென்ஸ் திரையிலிருந்து எட்டே முக்கால் அடி தள்ளி இருக்க வேண்டும். பத்தடி அறையில் மெஷினின் நீளத்தையும் சேர்த்தால் பின்சுவரில் முட்டும், சூடு வெளியேற இடம் இருக்காது. சீலிங்கை ஒட்டி மாட்டினால் ஒளி ஃபேன் வழியாகத்தான் போகும். இறக்கை நிழல் படம் முழுக்க ஓடும். குழாய் போட்டுக் கீழே இறக்கினால் வீட்டில் உயரமானவர் தலையில் இடிக்கும்.

ஒரு வழி, 80 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது. ஏழு அடி போதும். இன்னொன்று ஷார்ட் த்ரோ, கிட்டத்திலிருந்தே பெரிய படம் காட்டும் மெஷின். த்ரோ ரேஷியோ 0.5 என்றால் 100 அங்குலத்துக்கு மூன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே. ஃபேனின் நடுவுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடும். கேம் ஆடுகிற வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான், பையன் எழுந்து நின்று குதித்தாலும் நிழல் விழாது. ஆனால் பூச்சு மேடுபள்ளமான சுவரை ஷார்ட் த்ரோ காட்டிக்கொடுத்துவிடும். இழுத்துக் கட்டிய ஸ்கிரீனுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

"சாய்ச்சு வைங்க, கீஸ்டோன்ல சரி பண்ணிக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். கீஸ்டோன் என்பது ஓரத்துப் பிக்சல்களைத் தியாகம் செய்து படத்தை நேராக்குவது. சில மாடல்களில் சிக்னல் வந்து படமாகத் தெரிவதற்கான தாமதமும் ஏறும். மெஷினைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் நகர்த்திப் படத்தை ஏற்றி இறக்கும் லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

தாமதம் சினிமாவுக்குப் பெரிய விஷயமில்லை, கேமுக்கு உயிர். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லி செகண்ட். தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடில் அது 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 50-ஐத் தாண்டினால் சுடுகிற விளையாட்டுகளில் கை பின்தங்கும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும்போது லேப்டாப்பையும் கேபிளையும் எடுத்துப் போங்கள். லேப்டாப் ஸ்கிரீனில் தெரிவதே புரொஜெக்டரிலும் தெரியும்படி மிரர் செய்து மில்லி செகண்ட் காட்டும் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, லேப்டாப்பும் சுவரும் ஒன்றாகத் தெரிய சில போட்டோ எடுங்கள். இரண்டு எண்களின் வித்தியாசம் ஏறக்குறைய அந்தத் தாமதம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் "9000 லூமன்ஸ்" எல்லாம் கதை. ஆன்சி தர முறைப்படி அளந்த வெளிச்சம், அதாவது ஆன்சி லூமன்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். நல்ல இருட்டறைக்கு உண்மையான ஆயிரம் போதும். பகலில் திரைச்சீலை போட்டு கிரிக்கெட் பார்க்க இரண்டாயிரத்து ஐநூறாவது வேண்டும். "4கே சப்போர்ட்" என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது மெஷினே உண்மையில் காட்டும் பிக்சல் எண்ணிக்கை, 1920-க்கு 1080-க்குக் குறைந்தால் தொடாதீர்கள்.

கறுப்பைச் சோதிக்க ஒரு தமிழ்ப் படமே போதும். நம் படங்கள் பெரும்பாலும் ஸ்கோப், டிவி திரையைவிட அகலமான வடிவம். மேலும் கீழும் பட்டை விழும். இருட்டில் அந்தப் பட்டை வெளுத்த சாம்பலாகத் தெரிந்தால் கான்ட்ராஸ்ட் மட்டம். நுண்கண்ணாடிச் சில்லால் படம் காட்டும் டிஎல்பி மாடல் பார்க்கும்போது வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போங்கள். நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் சுழல் சக்கரமான கலர் வீல் உள்ள மெஷின்களில் சிலர் கண்ணுக்கு மட்டும் சப்டைட்டில் ஓரத்தில் வானவில் மின்னும்.

லேம்ப் மெஷின் என்றால் சின்ன யுபிஎஸ் கட்டாயம். கரண்ட் போனால் லேம்பைக் குளிரவைக்கும் ஃபேனும் நின்றுவிடும். எல்இடி, லேசரில் இந்தக் கவலை குறைவு. ஸ்பீக்கரை ப்ளூடூத்தில் இணைத்தால் கேமில் சத்தம் பின்னால் வரும், ஒயர் போடுங்கள்.

கடைசியாக, பத்து மீட்டர் தூரத்துக்குச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளில் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் 4கே படம் பல சமயம் நிற்காது. ஃபைபர் கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு, எந்த முனை டிஸ்பிளேவுக்கு என்று அதிலேயே போட்டிருக்கும். சுவர்க் குழாய்க்குள் இழுப்பதற்கு முன்னால் தரையில் போட்டு ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள்.