கொறங்காட்டு ஓவியத்தை நிறம் மாறாமல் அச்சாக்குவது எப்படி?

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை நீர்வண்ணத்தில் வரைய விரும்புபவர், கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லும் நிற்கும் அந்த மேய்ச்சல் நிலம் ஐப்பசி மழைக்குப் பின் ஒரு நிறத்திலும் சித்திரை வெயிலில் வேறொரு நிறத்திலும் இருப்பதை முதலில் நேரில் சென்று பார்க்க வேண்டும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று தாளைப் பிடுங்குவதோடு வண்ணத்தையும் நொடியில் உலர்த்திவிடும் என்பதால், அம்மாதத்தில் சிறிய பலகையும் நான்கு மூலைக்கும் கிளிப்பும் அவசியம். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாள் போதுமானது.

செம்மண்ணுக்கு பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்துடன் சிறிது யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சளைச் சேர்க்கலாம். மர நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல், அதே பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரைன் நீலத்தைக் கலந்தால், நிழலுக்குள்ளும் மண் தெரியும். இவ்வாறு கலக்கும் ஒவ்வொரு வண்ணத்தையும் அங்கேயே அதே தாளின் துண்டு ஒன்றில் தீற்றி, கலவையைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சுக்கூடத்தில் நினைவை நம்புவதைவிட இந்தத் துண்டை நம்புவதே மேல்.

ஓவியம் நன்கு உலர்ந்தபின், துண்டையும் அதன் அருகிலேயே வைத்து 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, டிஃப் (TIFF) என்னும் படக்கோப்பாகச் சேமிக்கவும். ஏ4 ஓவியத்தை 300 டிபிஐயில் ஏ2 அளவு வரை அச்சிட இது போதும். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இல்லையெனில், தாளின் இளமஞ்சள் சாயலைக் குறையென்று கருதி அது வெளுக்கும்போது, வானத்தில் மெல்லப் பூசிய நீலமும் சேர்ந்து போய்விடும்.

டிஜிட்டல் பிரிண்ட் என்றால் திருப்பூர்ப் பக்கம் பனியன் துணியும் ஃபிளெக்ஸ் பேனருமே நினைவுக்கு வரும். ஆகவே பளபளப்பில்லாத பருத்தித் தாளில் பிக்மென்ட் மையால் (நுண்ணிய நிறமித் துகள்கள் கொண்ட மை) அச்சிட வேண்டும் என்று கடையில் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. சாய மை மலிவானாலும் வெளிச்சத்தில் விரைவில் மங்கும். முழுப் படத்துக்கு முன், மண்ணும் நிழலும் சேரும் பகுதியை மட்டும் வண்ணத் துண்டின் படத்தோடு சோதனையாக அச்சிட்டு, டியூப்லைட்டின் கீழ் அல்லாமல் வாசலின் பகல் வெளிச்சத்தில் அசல் துண்டோடு ஒப்பிட வேண்டும். கணினித் திரை தானே ஒளிர்வதால் அச்சு எப்போதும் சற்று இருண்டே தெரியும்; நிழல் விவரம் தெரியாமல் கறுத்து அடைத்துக்கொண்டால், படக்கோப்பில் நடுத்தர ஒளியைக் கொஞ்சம் உயர்த்தி மறுபடியும் பார்க்கலாம்.

நிறம் ஒத்துவந்தபின், எத்தனை படிகள் என்று முன்னரே முடிவுசெய்து, படத்தின் கீழ் இடப்புறம் 3/25 (25 படிகளில் மூன்றாவது) என்பதுபோல் எண்ணையும் வலப்புறம் கையொப்பத்தையும் பென்சிலால் இடுவது வழக்கம்.