புளூபெல்: தோண்டுவதற்கு முன் மகரந்தத்தைப் பாருங்கள்

பிரிட்டனில் ஏப்ரல், மே மாதங்களில் நீலமாக மணிப்பூ தொங்கினால் எல்லாமே ஒரே புளூபெல்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்நாட்டின் சொந்த வகை ஒன்று, ஸ்பெயினிலிருந்து வந்தது ஒன்று, இரண்டும் கலந்து பிறந்தது ஒன்று என மூன்று உண்டு. தோட்டங்களில் மண்டிக்கிடப்பது பெரும்பாலும் மூன்றாவது.

நிறத்தை நம்பாதீர்கள். அன்று விரிந்த பூ ஒன்றைக் கிள்ளி மகரந்தப் பையைப் பாருங்கள். பாலாடை நிறம் என்றால் நாட்டு வகையாக இருக்கலாம். நீலமோ வெளிர்பச்சையோ என்றால் இல்லை. வாடிய பூவில் மகரந்தம் கொட்டியிருக்கும், பார்த்துப் பயனில்லை. அடுத்தது தண்டு. நாட்டு வகையின் நுனி வளைந்து, பூக்கள் ஒரு பக்கமாகவே தொங்கும், நல்ல மணம், இலை 1 முதல் 1.5 செ.மீ. அகலம். ஸ்பெயின் வகை விறைப்பாக நின்று சுற்றிலும் பூக்கும், மணம் இராது, இலை 3 செ.மீ. வரை போகும். கலப்பினத்தில் இரண்டு வகைகளின் அடையாளங்களும் கலந்து வரும் என்பதால் ஓர் அடையாளத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

காட்டில் வளரும் புளூபெல்லை நில உரிமையாளரைக் கேட்காமல் பிடுங்குவது பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். உங்கள் தோட்டத்தில் தடையில்லை.

ஸ்பெயின் வகையையோ கலப்பினத்தையோ தோட்டத்திலிருந்து அகற்றுவதில் பெரிய தவறு, கோடைக்குத் தள்ளிப்போடுவது. இலை காய்ந்துவிட்டால் கிழங்கு எங்கே இருக்கிறதென்றே தெரியாது. இலை பச்சையாக இருக்கும்போதே தோண்டுங்கள். இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும்தான் கையோடு வரும். வேர்கள் சுருங்கிச் சுருங்கிக் கிழங்கை ஆண்டுதோறும் கீழே இழுத்துக்கொண்டே போகும். பழைய புதர்களில் 20 செ.மீ. ஆழத்திலும் கிடைக்கும். மண்வெட்டி கிழங்கை வெட்டிவிடும், முள்கரண்டி போல் பற்கள் உள்ள தோண்டுகருவியே நல்லது. புதரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்தி, மண்ணோடு நெம்பித் தூக்கி, கையால் உதிர்த்து, பட்டாணி அளவுக் குட்டிக் கிழங்கையும் பொறுக்குங்கள். எப்படியும் சில தப்பும்; அடுத்த வசந்தத்திலும் இதே வேலைதான்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பது பெரும்பாலும் காசுக்குக் கேடு. தோண்ட முடியாத இடத்தில், விதை முற்றுமுன் பூந்தண்டை ஒடித்துவிட்டு, இலை தலைகாட்டும்போதெல்லாம் வெட்டுங்கள். கிழங்கு மெல்ல இளைக்கும்.

தோண்டியதை நேராக உரக்குழியில் போட்டால் அங்கேயே முளைக்கும். காட்டோரம் கொட்டினால் நாட்டு வகையோடு கலந்துவிடும். கறுப்புப் பையில் இறுகக் கட்டி ஓராண்டு விட்டுவிட்டு உரக்குழிக்கு அனுப்பலாம். செடி முழுவதும் நஞ்சு, சாறு தோலை அரிக்கும்; கையுறை வேண்டும். கிழங்கு உரித்த சின்ன வெங்காயம் போலவே இருக்கும், சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.